மீன் தொட்டியில் மண் மாற்ற ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். வீட்டில் நீர்ச்செடிகள் வைத்த 3 அடி மீன் தொட்டி, ஏறக்குறைய 190 லிட்டர், நாலு வருடமாக நன்றாக ஓடியது. அடிமண் கரைந்து சேறாகிவிட்டது, மாற்றலாம் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "மீனை எடுக்கவே வேண்டாங்க்கா, ரெண்டு மணி நேர வேலை" என்றார் கடைக்காரர். அக்வா சாயில் (நீர்ச்செடிகளுக்கென விற்கும் தொட்டி மண்), வெள்ளை மணல், கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். முழுவதையும் முன்பணமாகக் கொடுத்தேன்.

வந்த பையன் மீன்கள் உள்ளே நீந்தும்போதே பழைய மண்ணை அள்ளினான். நாலு வருடக் கழிவு கலங்கி எழுந்து, வீடு முழுக்க அழுகிய முட்டை வாடை. அப்புறம் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பளிச்சென்று கழுவினான். அதுதான் பெரிய கொடுமை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மண்ணிலும் பஞ்சிலும்தான் குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீர்க் குளோரின் அதைக் கொன்றுவிடும். ஒரே மதியத்தில் இரண்டு இடமும் காலி.

மறுநாள் காலை என் ஆறு மிஸ் கேரளா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மலையாளத்தில் செங்கணியான் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத, அழிவின் விளிம்பில் உள்ள இனம். பண்ணையில் பெருக்கிய குஞ்சுகளாகத் தேடி வாங்கி வளர்த்தவை. துளிகூட இருக்கக்கூடாத அம்மோனியா, சோதித்ததில் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் நாலு பங்கு) காட்டியது. பாதிப் பாதியாகத் தண்ணீர் மாற்றியும் மூன்றாம் நாளுக்குள் ஐந்து செத்தன.

மண்ணைக் கிளறிப் பார்த்தபோது தென்னைநார்த் துகள் மிதந்து வந்தது. தோப்புக்கு நடுவில் வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா? பூந்தொட்டிக்குப் போடும் மண்புழு உரக் கலவையை அக்வா சாயில் விலைக்குப் போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் உரம் அழுகினால் அம்மோனியாதான். வெள்ளை 'மணல்' மேல் வினிகர் விட்டேன், நுரைத்துப் பொங்கியது: பளிங்குக்கல் பொடி. அது தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, ஏற்றும்; பிஎச் ஒரு எண் ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். பாக்டீரியா இல்லாமல் போன தொட்டியில் உரமும் பளிங்கும் சேர்ந்தே கொன்றன.

கடையில் கேட்டால், "வயசான மீனுங்க்கா, அதுவா செத்திருக்கும்." பணம் இன்னும் வரவில்லை.

மிச்சமிருந்த ஒன்று இப்போது நண்பர் வீட்டுத் தொட்டியில், அவருடைய மீன்களோடு இருக்கிறது. நான் மறுபடி தொடங்கி, பாக்டீரியா திரும்பக் குடியேற மீனில்லாமல் ஐந்து வாரம் ஓட்டினேன். கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலையெல்லாம் கரைந்து போனது, ஆனால் கிழங்கை எறியாததால் துளிர்க்கிறது.

யாரையாவது வரச் சொல்லியிருந்தால், மீனைப் பழைய தண்ணீரோடு பெரிய டப்பில் விட்டு, ஃபில்டரையும் கழுவாமல் அதிலேயே ஓட விடுங்கள். பஞ்சு அடைத்திருந்தால் தொட்டித் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். மண் மூட்டையை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். அதற்கு முகம் சுளிப்பவருக்கு முன்பணம் வேண்டாம்.