எல்லை தாண்டி ஒர்க்ஷாப் வேலைக்குப் போகிறவருக்கு இஎல்எம்327 ஸ்கேனர்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து கேரளப் பக்கத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஒர்க்ஷாப்களுக்கு வேலைக்குப் போகிற கார் பைத்தியங்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெல்பராகச் சேர்ந்தால் ஆயில், பிரேக் பேட், கிளட்ச் வரை கை தானாகப் பழகிவிடும். செக் எஞ்சின் விளக்கு எரியும் வண்டி வந்தால் மட்டும் ஆசானைக் கூப்பிட வேண்டியிருக்கும். அந்த இடத்தைத் தாண்டினால்தான் சம்பளமும் மரியாதையும் ஏறும். அதைத் தாண்ட 500 முதல் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் இஎல்எம்327 புளூடூத் ஸ்கேனர் போதும். வண்டியின் சாக்கெட்டில் செருகினால், எஞ்சின் கணினி பதிந்து வைத்த கோளாறு எண்களை (கோட்) போன் ஆப்பில் காட்டும் சின்னக் கருவி அது. ஆனால் எந்தப் பார்ட்டை மாற்றணும் என்று அது சொல்லாது. எங்கே பார்க்கணும் என்று மட்டும்தான் சொல்லும்.

வாங்கும்போது ஒரு கவனம். பெட்டியில் பதிப்பு எண் (வெர்ஷன்) 2.1 என்று போட்டிருந்தால் புதியது, நல்லது என்று நினைக்க வேண்டாம். மலிவு நகல்களில் 1.5 என்று வருபவைதான் பெரும்பாலும் கூடுதல் கட்டளைகளை ஏற்கின்றன. பழைய வகை புளூடூத் ஐபோனோடு சேராது. ஆண்ட்ராய்டு போன் வேண்டும். இணைக்கக் கேட்கும் எண் 1234 அல்லது 0000.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ், 4ம் 5ம் எர்த், 6ம் 14ம் கேன், 7 கே-லைன் (கேன், கே-லைன் இரண்டும் வண்டியின் கணினியோடு ஸ்கேனர் பேசும் வயர்கள்). ஸ்கேனரில் விளக்கே எரியவில்லை என்றால் 16க்கும் 4க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்ட் இல்லாவிட்டால் ஃபியூஸ் போயிருக்கும். பலமுறை செருகி எடுத்த வண்டிகளில் பின் விரிந்துபோய் இணைப்பு விட்டு விட்டு வரும். இடவப்பாதி (கேரளத்தின் தென்மேற்குப் பருவ) மழைக்குப் பிறகு வரும் வண்டிகளில் பச்சை பூத்த பின்களும் கிடைக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பழைய மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் பல இந்த ஸ்கேனரோடு பேசாது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

கோட் வந்ததும் அழிக்காதீர்கள். அழித்தால் கோளாறு வந்த நேரத்து வேகம், சூடு, லோடு எல்லாம் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். முதலில் போனில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி0302 வந்தால் 2ஆம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக்குக்குப் பொறி தரும் காயிலைப் புதிதாக வாங்க ஓடாமல், 2ஆம் காயிலையும் 3ஆம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, பதிவான கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறவில்லை என்றால் பிளக், அடுத்து இன்ஜெக்டர், அதற்கப்புறம் கம்ப்ரஷன். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. வெளியூர்க்காரன் வேலை செய்யும் இடத்தில், “சேட்டா, இதோ பாருங்க” என்று போனைக் காட்டிவிட்டு, கழற்றிய பழைய பார்ட்டையும் கவரில் போட்டுக் கொடுத்தால் அந்த வீட்டு அடுத்த வண்டியும் உங்களிடம்தான் வரும்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடம். வேக்குவம் லீக் (எஞ்சினுக்குள் ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று நுழைவது) இருந்தால் ஐடிலில் ஃப்யூயல் டிரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஏறும், 2,500 ஆர்பிஎம்மில் இறங்கும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். காற்றின் அளவை நேராக அளக்கும் மாஃப் சென்சர் வண்டிகளுக்கு அது சரி. மாருதியின் சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலும் இருப்பது மேப் சென்சர். காற்று எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது அது. அங்கே கூடுதலாக நுழையும் காற்றை மேனிஃபோல்டு அழுத்தமாகவே கணினி பார்த்து அதற்கேற்ப பெட்ரோலும் விடும். அதனால் டிரிம் அவ்வளவாக ஏறாது. ஐடில் ஏறும், அழுத்த அளவு கூடும். எஞ்சின் சூடானபின், ஏசி ஆஃபில், ஐடிலில் 28 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் இருக்கணும். சாவி ஆன், எஞ்சின் ஆஃபில் சமவெளியில் 100க்குப் பக்கத்தில் காட்டணும். அதுவே தவறாகக் காட்டினால் முதலில் சென்சரையும் அதன் வயரையும் பாருங்கள். ஐடிலில் டிரிம் நன்றாக இருந்து, வேகத்தில் 15, 20 சதவீதம் ஏறினால் ஃப்யூயல் பம்ப் அழுத்தம் அல்லது அடைத்த ஃபில்டர். ஆக்ஸிஜன் சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஒழுகினாலும் பெட்ரோல் குறைவு என்ற பொய்க் கணக்கு வரும். பி0420 (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட்) வந்ததும் விலை உயர்ந்த அந்தப் பார்ட்டை மாற்றச் சொல்வதற்கு முன் இந்த ஒழுகலையும் மிஸ்ஃபயரையும் தீர்த்துவிடுங்கள்.

வோல்டேஜும் இதிலேயே தெரியும். நிறுத்தி வைத்த வண்டியில் 12.4க்கு மேல், ஓடும்போது 13.8 முதல் 14.5. ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். ஸ்மார்ட் ஹைப்ரிட் (சின்ன மோட்டார் எஞ்சினுக்கு உதவும் வகை) மாருதிகளில் மட்டும் ஓடும்போதே வோல்டேஜ் ஏறி இறங்கும். அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்கேனரைப் பிடுங்கி எடுங்கள். செருகியபடியே விட்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியை உறிஞ்சும். நாள்கணக்கில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் ஆகியவற்றின் கோளாறு எண்கள் பொதுவாக இதில் வராது. காமன் ரெயில் டீசலில் இன்ஜெக்டர் மாற்றினால் கோடிங் (புது இன்ஜெக்டரின் எண்ணைக் கணினியில் பதிவது) செய்ய முடியாது. பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரியைக் கட்டாயமாக எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷனும் முடியாது. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியைப் பதிவதும் அப்படியே. கையில் வரும் வேலையில் டீசலும் ஏபிஎஸ்ஸும் அதிகமாகும்போதுதான் பெரிய ஸ்கேனருக்குப் பணம் போடுவது நியாயம். அதுவரை அந்த வேலைகளைப் பெரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் முதலில் கம்ப்ரஷன் கேஜும் ஃப்யூயல் பிரஷர் கேஜும் நல்ல மல்டிமீட்டரும் வாங்குங்கள். ஸ்கேனர் சொல்வது சரிதானா என்று பார்க்க இந்த மூன்றும் இல்லாமல் முடியாது.