அட்வியான் கரப்பான் ஜெல்: ஸ்ப்ரேயைப் பரணில் போட்டுவிட்டு வாங்குங்கள்

மிக்ஸிக்கு அடியிலும் ஃபிரிட்ஜ் கதவு ரப்பரிலும் ஓடித் திரிகிற சின்னக் கரப்பானுக்கு இந்த ஜெல்லை நம்பி வாங்கலாம். ஆனால் எந்தக் கரப்பான் என்று முதலில் பாருங்கள். ஒன்றரை செ.மீ. நீளம், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடைக் குழாய் வழியே ஏறி வரும் சிவந்த பெரிய கரப்பானுக்கு ஜெல்லைவிடக் குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நல்ல சல்லடை மூடி போடுவதே பலன் தரும்.

சின்ஜென்டா நிறுவனத்தின் தயாரிப்பு இது. ஊசிக்குழாயில் 30 கிராம். மருந்து இண்டாக்சகார்ப் 0.6 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கரப்பானை இழுக்கும் தீனி. தின்ற பிறகு பூச்சியின் உடலுக்குள் போய்த்தான் மருந்து முழு வீரியம் பெறுகிறது. அதனால் கரப்பான் உடனே சாகாமல் தன் இடுக்குக்குத் திரும்பி, அங்கே கழிந்து சாகும். அந்தக் கழிவையும் பிணத்தையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இந்தச் சங்கிலி மூன்றாம் சுற்றுவரை போவதைக் காட்டினார்கள். ஸ்ப்ரே கண்ணில் பட்டதைக் கொல்லும். மற்றதைப் பக்கத்து அலமாரிக்கு விரட்டும்.

வைக்கும் முறையில்தான் பாதிப் பேர் காசை வீணாக்குகிறார்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைக்காதீர்கள். துவரம்பருப்பு அளவில், கிட்டத்தட்ட 0.1 கிராம், நிறையப் புள்ளிகளாக வையுங்கள். ஒரு சமையலறைக்கு 40, 50 புள்ளி வைத்தாலும் 5 கிராம்தான் செலவாகும். இடம் முக்கியம்: அலமாரிக் கதவின் கீல், டிராயர் தண்டவாளத்தின் பின்முனை, சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓரம், அடுப்பு மேடையின் அடிவிளிம்பு. மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும் இடமே அவற்றின் குடியிருப்பு; அதை ஒட்டி வையுங்கள். பர்னர் பக்கத்தில் வைத்தால் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடத்தைத் துடைத்து, காய்ந்த பின்பே வைக்க வேண்டும்.

இரவில் சிங்க்கில் எச்சில் பாத்திரமும் மாவுச் சட்டியும் கிடந்தால் ஜெல்லை எது தேடி வரும்? வைத்த இடத்தின் மேல் ஸ்ப்ரே அடிப்பதும், ஃபினாயில் துணியால் துடைப்பதும், விஷச் சாக்பீஸ் கோடு போடுவதும் தீனியைக் கெடுக்கிற வேலை. அந்த வாடைக்குக் கரப்பான் கிட்டே வராது.

முதல் வாரத்தில் பட்டப்பகலிலேயே தள்ளாடும் கரப்பான்கள் தென்படும், பயப்படாமல் விடுங்கள். பெண் சுமக்கும் ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டை இருக்கும். முட்டையை ஜெல் தொடாது. ஆகவே இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தீர்ந்த இடங்களில் மறுபடி வைத்தே ஆக வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்துபவர்கள்தான் ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்வது. புது ஜெல்லையே முகர்ந்துவிட்டு ஒதுங்கினால் பிப்ரோனில் என்ற வேறு மருந்து 0.05 சதவீதம் உள்ள ஜெல்லுக்கு மாறிப் பாருங்கள். தீனியில் உள்ள குளுக்கோஸையே ஒதுக்கும் கரப்பான் வம்சங்கள் 1990களிலேயே பதிவாகியிருக்கின்றன.

குழந்தை கைக்கும் நாய் மூக்குக்கும் எட்டாத இடுக்கில் மட்டும் வையுங்கள். வாங்கும்போது மூடி முத்திரை, காலாவதி தேதி, பதிவு எண் மூன்றையும் பாருங்கள்.

சிலந்திக்கு இது எதற்கும் உதவாது. அது உயிருள்ள இரையைப் பிடித்துத் தின்னும் பிராணி, ஜெல்லைச் சீந்தாது. ஒட்டடையை முட்டைப்பையோடு ஒட்டடைக்கம்பில் சுருட்டி எடுப்பதே போதும். ஜன்னலோரம் திரும்பத் திரும்ப வலை கட்டினால், பூச்சிகளை இழுக்கிற வெளி விளக்கை மஞ்சள் பல்பாக மாற்றுங்கள். சுவரில் தட்டையாக ஒட்டியிருக்கும், வலை கட்டாத பெரிய எட்டுக்கால் பூச்சி கரப்பானைத் தின்பது. அருவருப்பாக இருந்தால் டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடலாம். கொல்வது நமக்குத்தான் நஷ்டம்.

எறும்பு வரிசை போகும் வழியில் மட்டும் ஜெல் வைக்காதீர்கள். கரப்பான் வருவதற்குள் அதுவே சுரண்டித் தீர்த்துவிடும்.