கடைக்கு வர்றவங்களுக்கு ஃப்ரீ வைஃபை: சில வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கடையில கஸ்டமருக்கு ஃப்ரீ வைஃபை குடுக்க ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு. புதுசா வைக்கலாமான்னு யோசிக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எத்தனை எம்பிபிஎஸ் பிளான் போடணும்னுதான். இவ்வளவு நாள் ஓட்டினதுல நான் சொல்றது என்னன்னா ஸ்பீடை கடைசியா பாருங்க, பில்லிங் கம்ப்யூட்டர், கார்டு மெஷின், கேமரா எல்லாம் இருக்கற நெட்வொர்க்குக்குள்ள வெளியாள் போன் ஒண்ணுகூட நுழையக் கூடாது, அதான் முதல் வேலை.

இப்ப வர்ற ரவுட்டர்ல பெரும்பாலும் கெஸ்ட் நெட்வொர்க்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணா வேற பேர்ல தனி வைஃபை வரும். ஆனா அதோட விட்டுடாதீங்க, பக்கத்துலயே லோக்கல் நெட்வொர்க்கை பார்க்க விடலாமான்னு ஒரு டிக் இருக்கும், அந்த டிக்கை நீக்கியிருக்கணும், இல்லன்னா பேருக்குத்தான் தனி. ஏபி ஐசொலேஷன்னு இன்னொண்ணு இருக்கும், அதை போட்டா ஒரு கஸ்டமர் போன்ல இருந்து இன்னொரு கஸ்டமர் லேப்டாப்பை தொட முடியாது. ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுல, அதாவது வேற ரவுட்டரோட இணைச்சு வைஃபை பரப்ப மட்டும் போட்டு வச்சிருந்தீங்கன்னா இன்னும் கவனம் வேணும், பல மாடல்ல அந்த மோடுல கெஸ்ட்டை சரியா பிரிக்காது. செக் பண்றது ஈசி, உங்க போனை கெஸ்ட்ல கனெக்ட் பண்ணி கடை பிரிண்டரோட ஐபியையும் (நெட்வொர்க்ல அதுக்கு இருக்கற நம்பர் முகவரி) ரவுட்டர் செட்டிங் மாத்தற அட்மின் பேஜையும் திறந்து பாருங்க, ரெண்டும் திறக்கக் கூடாது.

பாஸ்வேர்டு இல்லாம ஓப்பனா விடறதுல எனக்கு உடன்பாடு இல்ல. வைஃபை பாதுகாப்பு முறையில டபிள்யூபிஏ2, புதுசான டபிள்யூபிஏ3 ரெண்டும் கலந்த மோடு வச்சா பழைய போனும் கனெக்ட் ஆகும். பாஸ்வேர்டை க்யூஆர் கோடா பிரின்ட் எடுத்து கவுன்டர்ல ஒட்டிட்டேன், ஐஃபோன் கேமராவே 2017ல வந்த ஐஓஎஸ் 11ல இருந்து இதை படிக்குது, ஆண்ட்ராய்டுலயும் இப்ப பிரச்சினை இல்ல. அதுக்கப்புறம் பாஸ்வேர்டு என்னன்னு யாரும் கேக்கறதே இல்ல.

போன் நம்பர் வாங்கி ஓடிபி அனுப்பற லாகின் பேஜையும் கொஞ்ச நாள் வச்சுப் பார்த்தேன், எடுத்துட்டேன். காரணம் ரொம்ப சிம்பிள், கடைக்குள்ள சிக்னல் இல்லாதவங்களுக்குத்தான் வைஃபை ரொம்ப தேவை, அவங்களுக்குத்தான் ஓடிபி மெசேஜும் வராது. அதுவும் இல்லாம இப்ப போன் எல்லாம் வைஃபைக்கு தன்னோட உண்மையான மேக் அட்ரஸை, அதாவது அந்தக் கருவிக்குன்னே இருக்கற அடையாள நம்பரை காட்டறதில்ல, அதனால பழைய கஸ்டமர்னு அடையாளம் வச்சுக்கறதையும் முழுசா நம்ப முடியாது. சில நாட்டுல யார் யூஸ் பண்ணாங்கன்னு பதிவு வைக்கணும்னு விதி இருக்கு, அங்க வேற வழியில்ல, லாகின் பேஜ் வச்சுத்தான் ஆகணும். நெட் கனெக்‌ஷன் குடுக்கற கம்பெனியோட ஒப்பந்தத்தையும் ஒருதடவை படிச்சிடுங்க, வீட்டு பிளான்ல வெளியாளுக்கு பகிரக் கூடாதுன்னு நிறைய இடத்துல போட்டிருக்கும்.

அதிகமா தலைவலி குடுத்தது ஐபி அட்ரஸ் தீர்ந்து போறது. கூட்டம் இருக்கற நாள்ல சாயங்காலம் ஆனா புதுசா வர்றவங்களுக்கு மட்டும் 'ஐபி அட்ரஸ் பெறுகிறது'ன்னே நிக்கும், ஏற்கனவே உள்ள இருக்கறவங்களுக்கு நல்லா ஓடும், பார்த்தா நெட் கம்பெனி பிரச்சினை மாதிரியே தெரியும். விஷயம் என்னன்னா டிஹெச்சிபி லீஸ் டைம், அதாவது ரவுட்டர் ஒரு போனுக்கு குடுத்த அட்ரஸை எவ்வளவு நேரம் ஒதுக்கி வைக்குங்கறது, நிறைய ரவுட்டர்ல 24 மணி நேரம்னு வச்சே வருது, அஞ்சு நிமிஷம் வந்துட்டு போனவரோட அட்ரஸும் மறுநாள் வரைக்கும் அவர் பேர்லயே கிடக்கும். சாதாரண செட்டப்ல மொத்தமே 254 அட்ரஸ்தான், பல ரவுட்டர் அதுலயும் பாதியத்தான் குடுக்கும். கெஸ்ட்டுக்கு லீஸை ஒரு மணி நேரம்னு குறைச்சேன், அன்னையோட தீர்ந்தது.

அடுத்தது அப்லோடு. எல்லாரும் டவுன்லோடு ஸ்பீடை பார்க்கறோம், ஆனா போன் வைஃபைல ஏறின உடனே போட்டோ பேக்கப் தானா ஓட ஆரம்பிக்கும், நாலஞ்சு போன் அப்படி செஞ்சா அப்லோடு அடைச்சுக்கும், அப்லோடு அடைச்சா டவுன்லோடு எவ்வளவு இருந்தாலும் சாதாரண பேஜ்கூட திறக்காது, கார்டு மெஷின் சுத்திக்கிட்டே நிக்கும். அதனால ஒரு போனுக்கு டவுன்லோடு 5 எம்பிபிஎஸ், அப்லோடு 1 எம்பிபிஎஸ்னு லிமிட் போட்டேன், ஹெச்டி வீடியோவே அதுல பெரும்பாலும் ஓடிடும், யாரும் குறை சொன்னதில்ல. வாங்கும்போதே இந்த லிமிட் வசதி இருக்கற ரவுட்டரா பார்த்து வாங்குங்க, எத்தனை ஆன்டெனா இருக்குங்கறதை விட இது முக்கியம்.

இடம் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல, உயரத்துல வைங்க, இரும்பு பீரோவுக்குள்ள வைக்காதீங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைல சேனல் 1, 6, 11 மூணுல எது காலியா இருக்கோ அதை எடுங்க. குழந்தைங்க வர்ற கடைன்னா கெஸ்ட்டோட டிஎன்எஸ்ஸை (சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்திக் குடுக்கற சேவை) கிளவுட்ஃபிளேர் கம்பெனியோட 1.1.1.3க்கு மாத்தினா ஆபாச சைட்டும் மால்வேர் சைட்டும் பெரும்பாலும் தடுத்துடும், காசு கிடையாது.

வியாபாரம் கூடுச்சான்னு கேட்டா, வைஃபைக்காக மட்டும் யாரும் வந்து நான் பார்க்கல. ஆனா சிக்னல் கிடைக்காம பணம் அனுப்ப முடியாம வாசலுக்கு போய் போனை தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்க இப்ப கவுன்டர்லயே கட்டிட்டு போறாங்க, அதுக்கே இவ்வளவு வேலையும் செய்யலாம்.