கோதுமையும் முட்டையும் இல்லாத பிரெட்டுக்கு இசப்கோல்

மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோல் உமியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டு மாதமாக அதை பிரெட் செய்வதற்காக வாங்குகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் (குளூட்டன் என்கிற புரதம் குடலைப் பாதிக்கிற நோய்) இருப்பதால் கோதுமை, பார்லி ஆகாது. அதோடு முட்டை, பால், முந்திரி, பாதாம் எல்லாம் அலர்ஜி. நங்கநல்லூரிலிருந்து தி. நகர் வரை கடை கடையாகத் தேடினேன். குளூட்டன் இல்லாத பிரெட் கிடைக்கிறது. பாக்கெட்டைத் திருப்பினால் முட்டையோ பால் பவுடரோ பாதாம் மாவோ இருக்கும். கோதுமை மாவை இழுத்துப் பிடித்து வைப்பது குளூட்டன். அது இல்லாதபோது பிடிப்புக்கு எதையாவது சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

இசப்கோல் அந்தப் பிடிப்பைத் தருகிறது. தண்ணீரில் கலந்த ஐந்தே நிமிடத்தில் கெட்டிக் கூழாகிவிடும். ஈஸ்ட் விடுகிற காற்றை அந்தக் கூழ் உள்ளேயே தாங்குகிறது. முதல் தடவை உமியை அப்படியே போட்டேன். பிரெட் நடுவில் அமுங்கியது, வாயில் நார் தட்டியது. மிக்ஸியில் நைஸாகப் பொடித்துப் போட்ட பிறகுதான் சரியாக வந்தது. 300 கிராம் மாவுக்கு 18 கிராம் பொடி, 340 மில்லி தண்ணீர், 5 கிராம் ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். பிசைந்து அடிக்கத் தேவையில்லை. இட்லி மாவு மாதிரி ஒரே தடவை பொங்கினால் போதும். சென்னை வெயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விட்டால் பொங்கி அடங்கிவிடுகிறது. ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம். முழுசாக ஆறும் வரை கத்தியை வைக்கக் கூடாது, உள்ளே பிசுபிசுக்கும்.

மாவு விஷயத்தில்தான் நான் ரொம்ப பயப்படுவேன். தெரு மில்லில் அரைக்கக் கொடுக்க முடியாது, அதே மெஷினில் சற்று முன்தான் கோதுமை ஓடியிருக்கும். குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் போட, குளூட்டன் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு சிட்டிகை கோதுமை மாவு கலந்தாலே அதைத் தாண்டிவிடும். அதனால் வெள்ளைச் சோளத்தையும் பச்சரிசியையும் கல், தூசு பார்த்துக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, இதற்கென்றே வைத்திருக்கிற ஜாரில் அரைத்துச் சலிக்கிறேன். கடையில் சோள மாவு என்று கேட்டால் கார்ன் ஃபிளவரை எடுத்து நீட்டுவார்கள். ஜோவார் என்று சொல்லிக் கேளுங்கள். சோளம் பாதி, மீதியில் அரிசியும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சரிசமம்.

குறையும் உண்டு. ஒரு டப்பா இசப்கோலில் செய்த பிரெட் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. ருசி மாறவில்லை, ஆனால் பிள்ளை தொட யோசித்தாள். ஆரஞ்சு வாசனை போட்ட இசப்கோலை வாங்காதீர்கள், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். சிலருக்கு இசப்கோலே ஒத்துக்கொள்ளாது. பல அலர்ஜி உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான்கு பிரெட்டுக்கு ஒரு 100 கிராம் டப்பா தாராளம்.

போன வாரம் உருளைக்கிழங்கு மசாலா வைத்து டிபன் பாக்ஸில் கொடுத்தேன். சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு மடிச்சு சாப்பிட்டேன், உடையவே இல்ல."