கிராஃபையர்4: பேனாவுக்காகவே வாங்கலாம்

கும்பகோணத்தில் பழைய போட்டோக்களைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். பூஞ்சை பிடித்தது, மடிப்பில் விரிசல் விட்டது, கரையான் அரித்தது என்று எல்லாம் வரும். இந்த வேலைக்கு இன்றும் நான் நம்பி உட்காருவது வாக்கம் நிறுவனத்தின் கிராஃபையர்4 டேப்லெட்டில்தான். கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை இது. 2005ல் வந்த மாடல். பேனாவும் மவுஸும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் வயர் கிடையாது, பேட்டரியும் கிடையாது.

பலகைக்குள் கம்பி வலை ஒன்று இருக்கிறது. அது அனுப்பும் மின்காந்த அலையைப் பேனாவுக்குள் உள்ள சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இதற்கு முன் வேறொரு மலிவான டேப்லெட் வைத்திருந்தேன். அதன் பேனாவுக்குள் பேட்டரி போட வேண்டும். அந்தக் கனத்தில் சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் கடுக்கும். இதில் அந்தத் தொல்லையே இல்லை.

சமீபத்தில் வந்த ஒரு கல்யாணப் படத்தில், மணப்பெண்ணின் கன்னத்துக்குக் குறுக்கே மடிப்பு வெள்ளைக் கோடாக ஓடி மூக்குத்திவரை போயிருந்தது. ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில், ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பூசும் குளோன் டூலை எடுத்து, பக்கத்துத் தோலைக் கன்ட்ரோல் அழுத்திக் குறித்துக்கொண்டு, பேனாவால் மெல்லத் தடவினால் லேசாகப் படிகிறது. கொஞ்சம் அழுத்தினால் கோடு முழுசாக மறைகிறது. மவுஸில் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒப்பாசிட்டியை, அதாவது பூச்சின் அடர்த்தியை, கூட்டிக் குறைக்க வேண்டும். பேனா என்றால் மூக்குத்தி ஓரத்தையும் புருவ முடியையும் கை தானாகவே பார்த்துக்கொள்கிறது. இப்போதைய டேப்லெட்டுகளில் 8192 அழுத்த நிலைகள் வந்துவிட்டன. இதில் 512தான். முகத்தைத் திருத்த இது தாராளம்.

மவுஸ்? அது பலகைமேல் மட்டும்தான் ஓடும், மேசையில் வைத்தால் அசையாது. சின்ன பலகையின் வேலைப் பரப்பு சுமார் 5க்கு 4 அங்குலம், அதனால் அடிக்கடி தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். அப்புறம், பேனாவை எங்கே வைக்கிறோமோ அங்கே கர்சர் போய் நிற்கும். மவுஸுக்கு அப்படி இல்லை, நகர்த்திய அளவுக்குத்தான் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் கை பழகாது. ஃபைல் திறக்க, மெயில் பார்க்க, சாதாரண மவுஸைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

இனி இது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். பேனா இல்லாமல் பலகையை மட்டும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு டேப்லெட் வரிசையான இன்டுயோஸின் பேனா இதற்குச் சேராது. பேனா முனையான நிப் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டுப் புதிது செருகலாம். விண்டோஸ், மேக் இரண்டிலும் சாதனத்தைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரின் புதிய பதிப்புகளில் இந்த மாடலுக்கு இடமில்லை. லினக்ஸில் டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால், யுஎஸ்பியில் செருகினால் போதும். ஜிம்ப் 2.10 வைத்திருப்பவர்கள் இன்புட் டிவைசஸ் பகுதிக்குப் போய் பேனாவின் மோடை ‘ஸ்கிரீன்’ என்று மாற்றிச் சேமியுங்கள், அப்போதுதான் அழுத்தம் வேலை செய்யும். பேனாவின் மறுமுனையில் இருக்கும் அழிப்பான் அங்கே தனிச் சாதனமாக வரும், அதற்கும் இதையே செய்ய வேண்டும்.