750 ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: எட்டு மாதம் வைத்துப் பார்த்ததில்

குன்னூர் போகும் வழியில், பர்லியார் தாண்டி இரண்டாவது கியரில் ஏறும்போது வண்டி விக்கல் எடுத்த மாதிரி குலுங்கியது, செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு எரிந்தது. நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு சேரலாம், இப்படிச் சிமிட்டினால் எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் காலி பண்ணிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோவை திரும்பி ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் ஸ்கேன் போட 600, அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங், டேங்க் கிளீனிங் என்று ஒரு பட்டியல். அந்தக் கடுப்பில் வாங்கியதுதான், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறைப் போனில் காட்டும் இந்த புளூடூத் ஸ்கேனர்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் சொருகி போனில் ஒரு ஆப் போட்டால் போதும். என் வண்டி 2014 மாடல், உடனே பேசியது. 2013 ஏப்ரலில்தான் இங்கே பிஎஸ்4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதியும் வசதி) கட்டாயமானது, அதற்கு முந்தைய வண்டி என்றால் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கேனரில் வந்த கோளாறு கோடு (code) பி0301. முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கோடு இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பிளக்காக இருக்கலாம், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலாக இருக்கலாம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். நான் ஒன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை இங்கே மாட்டி, கோடை அழித்துவிட்டு மருதமலை வரை ஒரு ரவுண்டு போனேன். திரும்புவதற்குள் பி0302 வந்துவிட்டது. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போனதால் குற்றவாளி காயில்தான். ஒரே ஒரு காயில் மாற்றினேன், டேங்க் பக்கமே யாரும் போகவில்லை.

இன்னொரு பிரயோஜனம் வோல்டேஜ். காலையில் செல்ஃப் இழுத்து இழுத்து அடித்தது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.1, செல்ஃப் அடிக்கும்போது 9-க்குக் கீழே, ஓடும்போது 14.2. ஓடும்போது ஏறுவதால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக சார்ஜ் செய்கிறது, நின்றால் தாங்காத பேட்டரிக்குத்தான் வயசாகிவிட்டது என்று கடைக்குப் போகும் முன்பே தெரிந்தது.

குறைகளும் உண்டு. ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளை என்னுடையது படிக்கவில்லை. சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனேன், வந்து பார்த்தால் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது, அதுவும் புதுப் பேட்டரி! இந்த மாடல் ஐபோனோடு சேராது, அதற்கு வைஃபை மாடல் பார்க்க வேண்டும். கோடு அழிக்கும் பட்டனைக் கண்டதும் கை துறுதுறுக்கும், ஆனால் அழித்தால் கோளாறு வந்த நேரத்தில் பதிவான விவரமும் சேர்ந்து போய்விடும், முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பெரிய குறை, இதற்குக் காது கிடையாது. போன மாதம் பல்லடம் ரோட்டில் 50-ஐத் தாண்டினால் ஊஊ என்று ஒரு சத்தம். ஸ்கேனரில் கோடே இல்லை. லேசாக வலது பக்கம் ஒடித்தால் சத்தம் ஏறியது, இடது பக்கம் ஒடித்தால் அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும் இல்லையா, அதனால் இடது முன் சக்கர பேரிங் என்று மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார், கரகரவென்றது. "ஸ்கேனர்ல வந்துச்சா தம்பி?" என்று சிரித்தார்.

ஐந்துக்கு மூன்றரை.