புகை குறைந்த ஆந்த்ரசைட் நிலக்கரி என்று சொல்லி, புகை கக்குகிற ஸ்டீம் கரியை அனுப்பி 28,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், குளிருக்குக் கரி வாங்குகிறவர்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி கரி வாங்கிய ஆன்லைன் தளத்திடமிருந்து கடைசியாக ஒரு மெசேஜ் வந்தது, 'உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று. எங்கள் பக்கம் எதுவும் முடியவில்லை. 28,500 ரூபாய் போயிருக்கிறது, எரித்தால் வீடு முழுக்கப் புகை மண்டுகிற கரி அம்மா வீட்டு ஷெட்டில் அடுக்கிக் கிடக்கிறது, கேட்க ஆளில்லை.

நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். இங்கே வீட்டைச் சூடாக்கக் கரி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். அம்மா இருப்பது ஏலகிரி மலைமேல், அத்தனாவூர் பக்கம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மார்கழி தையில் ராத்திரிக் குளிர் சுவரைத் தாண்டி உள்ளே வரும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வீசிங் வேறு. விறகு போட்டால் புகை ஒத்துக்கொள்ளாது, ஹீட்டர் வைத்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வேலிகாத்தான் மரக்கரி போட்டால் சீக்கிரம் அடங்கிவிடும், நடுராத்திரியில் எழுந்து எழுந்து போட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்பா இருந்த காலத்தில் ஊட்டிப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை இடித்தபோது ஒரு வார்ப்பிரும்பு அடுப்பை வாங்கி வந்து வைத்தார். அடியில் கம்பித்தட்டு, அதற்குக் கீழே சாம்பல் தட்டு, காற்று விட ஒரு சின்னக் கதவு, கூரைக்கு மேலே போகிற குழாய். கரிக்கென்றே செய்த அடுப்பு அது. அதில் போடத்தான் ஆந்த்ரசைட் தேடினோம்.

தேடியது சரியான சரக்கைத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊரில் நிலக்கரி என்றால் நெய்வேலிதான் ஞாபகம் வரும். அது பழுப்பு நிலக்கரி, வெட்டி எடுக்கும்போது எடையில் பாதி ஈரம். ஆந்த்ரசைட் அதற்கு நேரெதிர்க் கோடி. கார்பன் 86 சதவீதத்துக்கு மேல், சூடானால் ஆவியாகி வெளியேறுகிற பொருள் மிகக் குறைவு, அதனால்தான் புகையும் குறைவு. கண்ணாடி மாதிரி பளபளப்பு, கெட்டி, கையில் அவ்வளவாக ஒட்டாது. பற்றவைப்பது கஷ்டம், ஆனால் பிடித்துவிட்டால் மணிக்கணக்கில் நின்று எரியும். அடியிலிருந்து காற்று போனால்தான் எரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 1808இல் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் கம்பித்தட்டு வைத்து, வெறும் இயற்கைக் காற்றோட்டத்திலேயே வீட்டுக் கணப்பில் எரித்துக் காட்டினார், அதற்கப்புறம்தான் அது அங்கே வீடுகளுக்குள் வந்தது. இந்தியாவில் இது ஜம்மு பக்கம் கொஞ்சம் கிடைப்பதோடு சரி, மற்றபடி வெளிநாட்டுச் சரக்கு. இந்தத் தட்டுப்பாட்டைத்தான் இவர்கள் பிழைப்பாக வைத்திருக்கிறார்கள்.

வாங்கியது எல்லாப் பொருளும் விற்கிற ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில், அதில் கடை போட்டிருந்த ஒரு எரிபொருள் வியாபாரியிடம். பெயர் போடவில்லை, கேஸ் போடப் போகிறேன். விளம்பரத்தில் 'வியட்நாம் ஆந்த்ரசைட், கார்பன் 90 சதவீதம்' என்று இருந்தது. வியட்நாமில் குவாங் நின் பக்கம் நிஜமாகவே ஆந்த்ரசைட் சுரங்கங்கள் இருக்கின்றன, அதனால் பேச்சு பொருந்தியது. சோதனை அறிக்கை என்று ஒரு தாளும் அனுப்பினார். முதலில் சாம்பிள் கேட்டோம், 5 கிலோ வந்தது. அருமையான சரக்கு. மரக்கரித் தணலை நன்றாகப் பிடிக்கவிட்டு அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம், ரொம்ப நேரம் ஒன்றுமே ஆகவில்லை, அப்புறம் மேலே சின்னச் சின்ன நீலச் சுவாலை எழும்பியது. குழாய்க்கு வெளியே போய்ப் பார்த்தால் புகையே இல்லை. அம்மா அன்றைக்கு இருமாமல் தூங்கினார்.

அப்புறம் அந்த ஆள் வீடியோ காலில் வந்தார். பின்னால் பெரிய கோடவுன். ஒரு கட்டியை எடுத்துச் சுத்தியலால் உடைத்தார், உடைந்த முகம் சிப்பியின் உட்பக்கம் போல வளைந்து மின்னியது. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்து, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார், கறை இல்லை. "அம்மாவுக்குன்னு சொல்றீங்க மேடம், எங்க அம்மாவுக்கு ஏத்தற மாதிரி பார்த்து ஏத்தறேன், நீங்க நிம்மதியா இருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அன்றைக்கே பணத்தைக் கட்டினோம். 400 கிலோ, கிலோ 62 ரூபாய், லாரி வாடகை 3,700, ஆக மொத்தம் 28,500. தளத்தின் வழியாகவே கட்டியது, வெளியில் ஒரு பைசா கொடுக்கவில்லை. பென்ஷனில் அம்மா சேர்த்து வைத்த 28,500 ரூபாய் அது. அம்மா பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டானே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சரக்கு ஜோலார்பேட்டை லாரி பார்சல் ஆபீசில் வந்து இறங்கியது. அங்கிருந்து சின்ன யானை (மினி லாரி) வைத்து, பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி, அம்மா வீட்டில் இறக்கினோம். 25 கிலோ மூட்டை 16. முதல் மூட்டையைப் பிரித்தால் மேலே நல்ல பளபளப்பான கட்டிகள், இரண்டு கை ஆழம். அதோடு சரி. அதற்குக் கீழே மங்கலான கரி, தொட்டாலே உதிர்கிறது, அடியில் தூளும் கல்லும். கை கறுத்துப்போய்விட்டது. வேறு மூட்டைகளையும் பிரித்துப் பார்த்தோம், எல்லாவற்றிலும் மேல்பூச்சு மட்டும் நல்ல கரி. தவறுதலாக வந்த சரக்கு இப்படி வராது. ஒவ்வொரு மூட்டையிலும் உட்கார்ந்து மேலாக அடுக்கியிருக்கிறார்கள்.

சரி, எரித்தாவது பார்ப்போம் என்று போட்டோம். போட்ட மாத்திரத்தில் பற்றிக்கொண்டது, அதிலேயே தெரிந்துவிட்டது. மஞ்சள் தீ, கறுப்புப் புகை, தார் வாடை. கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கிறது. அம்மா இருமி இருமி வாசலுக்கு வந்துவிட்டார், அந்தக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் குழாயைக் கழற்றித் தட்டினால் கை நிறையப் புகைக்கரி உதிர்ந்தது, ஒரே ராத்திரியில் அவ்வளவு. இப்படிக் குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே திரும்பும். தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். இவர்கள் விளையாடியது 28,500 ரூபாயோடு மட்டும் இல்லை.

மாமாவை வரச் சொன்னோம். அம்மாவின் தம்பி, ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் ஸ்டீம் எஞ்சின் காலத்தில் ஃபயர்மேனாக இருந்தவர், கரியோடே வாழ்ந்தவர். ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கினார், மோந்து பார்த்தார். "இன்னாம்மா இது, நாங்க எஞ்சினுக்கு வாரிப் போட்ட கரி மாதிரி இருக்குது, இதப் போயி உள்ளார வெச்சி எரிக்கறதா" என்றார். அப்புறம் அவரே ஒன்று செய்து காட்டினார். ஒரு காலி டின், மூடியில் ஆணியால் ஓட்டை, உள்ளே ஒரு பிடி தூள். முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தீ மூட்டி அதன்மேல் டின்னை வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஓட்டையிலிருந்து மஞ்சள் கலந்த புகை சீறிக்கொண்டு வந்தது, தீக்குச்சியைக் காட்டியதும் அந்தப் புகையே விளக்குப் போல நின்று எரிந்தது. சாம்பிளில் மீந்திருந்த இரண்டு கட்டியை உடைத்து இன்னொரு டின்னில் அதே மாதிரி வைத்தார். பேருக்குக் கொஞ்சம் ஆவி வந்தது, தீக்குச்சி காட்டியும் பிடிக்கவே இல்லை. ஆவிப்பொருள் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இனி இவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதல் நாள் வியாபாரி போனை எடுத்தார். "மழைல நனைஞ்சிருக்கும் மேடம், வெயில்ல காய வைங்க." காய வைத்தோம், அதே புகை. அடுத்து, "உங்க அடுப்புல கோளாறு." சாம்பிள் எரிந்தது அதே அடுப்பில்தான் என்றேன். "இது இயற்கைப் பொருள், ஒரு லாட் மாதிரி இன்னொரு லாட் இருக்காது" என்றார். அதற்கப்புறம் போனை வேறு யாரோ எடுத்து 'சார் வெளியூர்' என்கிறார்கள். மெசேஜ் பார்த்ததாக நீல டிக் வருகிறது, பதில் வருவதில்லை.

தளத்தின் கஸ்டமர் கேர் இன்னும் மோசம். ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு ஆளிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், 28,500 ரூபாய், 400 கிலோ, ஏலகிரி. போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். 'படத்தில் இருப்பது கரிதான், ஆர்டர் செய்த பொருள்தான் வந்துள்ளது' என்று பதில். வீடியோ அனுப்பினால் திறக்கவில்லை என்கிறார்கள். மூட்டையைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாதாம். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது? ஒரு அம்மணி மட்டும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார், மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். அந்த மேலிடம் சொன்னது, சரக்கை எங்கள் செலவில் சென்னை கோடவுனுக்குக் கொண்டுவந்தால் பரிசீலிப்பார்களாம். 400 கிலோவை மறுபடி மலையிறக்கிச் சென்னைக்கு ஏற்ற வேண்டும், அதுவும் பணம் தருகிறோம் என்று சொல்லவில்லை, பரிசீலனைதான்.

இவ்வளவுக்கும் அப்புறம் என் தம்பி பில்லை எடுத்துப் பார்த்தான். பொருளின் பெயர் 'ஆந்த்ரசைட்' என்றுதான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் எச்எஸ்என் எண், அதாவது வரிக்காகப் பொருளை வகைப்படுத்துகிற எண், 27011200. ஆந்த்ரசைட்டுக்கு 27011100. இவர்கள் போட்டிருப்பது பிட்டுமினஸ் கரிக்கு உள்ள எண், அதாவது புகை வருகிற சாதாரணக் கரி. என்ன அனுப்புகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! இதையும் தளத்துக்கு அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் நேற்றைய 'முடித்துவைக்கப்பட்டது'.

விடப்போவதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாகிவிட்டது. 2020இல் வந்த மின்வணிக விதிப்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இவர்கள் குறைதீர் அலுவலர் யார் என்று சொல்வதற்கே இழுத்தடித்தார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம்.

கரியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி எரிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும் சொல்கிறேன். சாம்பிளை நம்பி மொத்தமாக வாங்காதீர்கள், அதில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். இறக்கும் இடத்திலேயே, வண்டிக்காரர் நிற்கும்போதே, ஒரு மூட்டையைத் தலைகீழாகக் கொட்டி வீடியோ எடுங்கள். சோதனை அறிக்கையில் லாட் எண்ணும் தேதியும் இல்லையென்றால் அது வெறும் தாள், எங்களுக்கு வந்ததில் இரண்டுமே இல்லை. பணம் கட்டும் முன்பே பில்லில் என்ன எண் போடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டின் சோதனையைச் செய்தால் வெட்டவெளியில், மூடியில் ஓட்டை போட்டுத்தான் செய்ய வேண்டும். எரிக்கும்போது புதுக் கரியால் தணலை முழுக்க மூடாதீர்கள், ஒரு ஓரம் தீ தெரியட்டும். நல்ல ஆந்த்ரசைட்டாகவே இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, அலாரம் கருவி இல்லாமல் மூடிய அறையில் எரிக்கவே எரிக்காதீர்கள், குழாயை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். தலை வலித்தாலோ வாந்தி வருகிற மாதிரி இருந்தாலோ யோசிக்காமல் எல்லோரையும் எழுப்பி வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே இந்த மாதிரி 'வியட்நாம் சரக்கு' வாங்கினவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே பில்லை எடுத்து அந்த எண்ணைப் பாருங்கள். 27011200 என்று இருந்தால் மூட்டையைத் தொடாமல் வைத்துவிட்டு என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.